கடலில் விட்ட பெயர்

பாக் வாகினோ, அதாவது வாகினோ ஐயா, எங்கள் மருத்துவமனைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். தேகால் பக்கத்து ஜாவாக்காரர். பத்தாம் என்ற எங்கள் தீவுக்குப் பிழைக்க வந்து, பத்து அஜி என்ற பகுதியில் சிறிய தண்ணீர்க் கடை வைத்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி ஓடி முதுகு வளைந்தவர். கேனை மாட்டுவதற்கு முன் அதன் கழுத்தைத் தோள்துண்டால் ஒருமுறை துடைப்பார். யாரும் கேட்பதில்லை, ஆனாலும் துடைப்பார். மற்றபடி அவரோடு பழகுவது எனக்குப் பெரிய சோதனை. நான் பாடாங்கில் பிறந்த மினாங் இனத்துக்காரி. எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. பேசாத மனிதர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவரோ இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடுவதற்கு மேல் பேச மாட்டார்.

"என்ன பாக், வாய்க்குப் பூட்டு போட்டுச் சாவிய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"சரிங்க இபு."

"எதுக்குச் சரி? பூட்டுக்கா, சாவிக்கா?"

அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு, வருடக்கணக்காக.

என் பெயர் யுஸ்மானியார். நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைக் காக்கிற பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பதிவுகள் எல்லாம் கணினிக்குள் போக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து என் வேலையில் பாதி காவல்காரி வேலை, பாதி வக்கீல் வேலை. யார் பார்க்கலாம், யாருக்கு நகல் தரலாம், எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், எதை அழிக்கக் கூடாது என்பதெல்லாம் என் தலையில். மாமியார் வந்து கேட்டாலும் கிடையாது, முதலாளி வந்து கேட்டாலும் கிடையாது என்று துரத்துவதில் எனக்கு ஒரு திருப்தியே உண்டு. ஒரு முறை, நான் இந்தப் பொறுப்புக்கு வரும் முன், ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் காசநோய் விவரத்தை யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணை வேலையை விட்டும் துரத்தினார்கள், தங்கியிருந்த அறையை விட்டும் துரத்தினார்கள். அதனால் சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

வாகினோவுக்கு ஒரே மகள், வாராஸ். நோய் நீங்கிச் சுகமானவள் என்று ஜாவா மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள். முக்கா குனிங் தொழிற்பேட்டையில் சர்க்யூட் பலகை செய்கிற தொழிற்சாலையில் வேலை. அப்பாவுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். லீவு நாளில் அவரைப் பின்னால் உட்காரவைத்துத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, என் அறை வாசலில் நின்று கத்துவாள்.

"உனி! தண்ணி வந்துருச்சு. எங்கப்பாவ ரெண்டு வார்த்த பேச வெச்சா ஒரு கேன் இலவசம்!"

"போடி! உங்கப்பாவ பேச வெக்கறதுக்கு இந்தக் கேன பேச வெச்சுரலாம்."

அவள் என்னை உனி என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் மினாங் வழக்கப்படி அக்கா என்று அர்த்தம். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் வந்தால் நான் ரெண்டாங் கறி எடுத்து வைப்பேன். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வாராஸ் என்பது அவளுக்கு வைத்த இரண்டாவது பெயர். அவள் பிறந்தபோது வேறு பெயர். இது அவளுக்கே தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாகினோவும் மனைவி துமிராவும் கடல் தாண்டி அந்நிய நாட்டில், ஜொகூரில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயதில் இரத்தப் புற்று. அங்கிருந்த ஒரு மருத்துவமனையில் நீண்ட காலம் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பாக, ரோஜா சர்பத் நிறத்தில் ஒரு மருந்து குழாய் வழியாக இறங்குமாம். வாகினோ அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய் நிற்பாராம். பிள்ளை பிழைத்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அடிக்கடி காய்ச்சல் வந்தது. தேகாலில் பெரியவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், பெயர் கனமாக இருக்கிறது, இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது என்று. ஜாவாக்காரர்கள் இதில் தயங்குவதே இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, லேசான பெயராக வாராஸ் என்று வைத்தார்கள். பிள்ளையின் நகம், கொஞ்சம் முடி, பழைய பெயர் போட்டிருந்த பாஸ்போர்ட், எல்லாவற்றையும் பூவோடு சேர்த்து மூட்டை கட்டிக் கடலில் விட்டார்கள். நோய் அந்தப் பெயரோடு போய்விட்டது. இனி அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், கூப்பிட்ட இடத்துக்கு நோய் திரும்பி வரும்.

பிறகு பத்தாமுக்கு வந்தார்கள். பிறப்பையே இதுவரை பதியவில்லை என்று சொல்லி, வாராஸ் என்ற பெயரில் புதிதாகப் பதிந்துகொண்டார்கள். பிறந்த தேதியைக்கூட நல்ல நாளாகப் பார்த்து மாற்றிவிட்டார்கள். பழைய பெயரை ஆசையாகத் தேடி வைத்தவள் துமிராதான். அவள் சாகும்போதுகூட மகளை வாராஸ் என்றுதான் கூப்பிட்டாள். வாகினோ வாய் மூடிப்போன மனிதர் ஆனது இதனால்தான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. தவறி நாக்கில் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் எல்லாப் பேச்சையுமே குறைத்துக்கொண்டார்.

இருபதாவது வயதில் வாராஸின் ஈறில் இரத்தம் கசிந்தது. தொடையில் அடிபடாமலே நீலம் பாய்ந்தது. எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்தோம். டாக்டர் புர்பா பத்தாக் இனப் பெண்மணி, குரலே அதட்டல்தான், ஆனால் கெட்டிக்காரி. இரத்தப் புற்று என்று சொல்லிவிட்டு வாகினோவிடம் கேட்டார்.

"பாக், யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன வயசுல பெரிய நோய் எதாச்சும் வந்துச்சா? வேற ஊர்ல, வேற நாட்டுல எங்கயாவது வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர். வாராஸுக்கு ஒண்ணும் வந்ததில்ல."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் முகத்தில் பொய் சொல்கிறவனின் சாயல் துளியும் இல்லை. அவர் கணக்கில் அது பொய்யே இல்லை. நோய் வந்தது அந்தப் பெயருக்கு. அது கடலோடு போயிற்று. இவள் வேறு. நான் அப்படியே கணினியில் பதிந்தேன்.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் சுற்றின்போது வாகினோ தண்ணீர் போடப் போயிருந்தார். இரண்டாவது சுற்றின்போது படுக்கைக்குப் பக்கத்தில் நின்றார். குழாயில் சிவப்பு இறங்கியது.

என் அறைக்கு அவர் கேன் இல்லாமல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தோள்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இபு, அந்தச் சிவப்பு மருந்து... அத முன்னாடியே குடுத்திருக்காங்க."

"யாருக்குக் குடுத்தாங்க?"

"முன்னாடி இருந்த பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ள? உங்களுக்கு ஒரு பிள்ளதான பாக்?"

அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தியே விட்டேன். பிறகு ஓடிப்போய் டாக்டர் புர்பாவிடம் சொன்னேன். அவர் உடனே அந்த மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த மருந்துக்கு ஆயுசுக்கும் சேத்து ஒரு அளவு இருக்கு உனி. அதுக்கு மேல போனா இதயம் நின்னுரும். அங்க எவ்வளவு குடுத்தாங்கன்னு எனக்கு அந்தக் கணக்கு வேணும். கொஞ்சமா குடுத்திருந்தா நான் மேல குடுத்து இவள காப்பாத்தப் பாப்பேன். நிறைய குடுத்திருந்தா இனி ஒரு சொட்டு குடுத்தாலும் நானே கொன்ன மாதிரி. கணக்கு தெரியாம நான் ரெண்டுமே செய்ய முடியாது."

ஒரு எண். வாராஸின் உயிர் அந்த ஒரு எண்ணில் நின்றது. அது கடலுக்கு அந்தப் பக்கம், ஜொகூர் மருத்துவமனைக் கணினியில் இருந்தது.

நான் அந்தப் பதிவுப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் இளம்பெண், என்னைக் காக், அதாவது அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"காக், மன்னிச்சுக்கங்க. அந்தப் பேர்ல ஒருத்தர் எங்க திரைல இருக்காங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது."

"உயிர் போற விஷயம்மா."

"அவசரம்னா டாக்டருக்கு டாக்டர் குடுக்கலாம். ஆனா அது அதே ஆள்தான்னு உறுதியா இருக்கணும். நீங்க சொல்ற பேர் வேற, பாஸ்போர்ட் வேற, பிறந்த தேதியும் வேற. யாரோ ஒரு பிள்ளையோட கணக்க நான் குடுத்து, உங்க டாக்டர் அத நம்பி மருந்து ஏத்தினா என்ன ஆகும் காக்?"

அவள் இடத்தில் இருந்தால் நானும் இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு தேவை என்றாள். இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று எங்கள் நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு. அப்புறம் நோயாளியின் ஒப்புதல். வயது வந்தவள், சுயநினைவோடு இருக்கிறாள், அப்பா கையெழுத்து செல்லாது. பழைய பெயரைக் குறிப்பிட்டு அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

அதாவது அந்தப் பெயரை அவளிடம் சொல்லியாக வேண்டும்.

வாகினோ என்னை மருத்துவமனைக்கு வெளியே, கூரை இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலா பக்கமும் பார்த்தார். என் காதோரம் குனிந்து, மூச்சாக மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கேனின் கழுத்தைத் துடைப்பாரே, அதே மாதிரி.

ஒப்புதல் தாளை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். வாகினோ அறைக்குள் வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாராஸ் தாளை வாங்கிப் படித்தாள். முடியெல்லாம் கொட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"கிரானா ஹப்சாரி," என்று வாய்விட்டுப் படித்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவரின் தோள் அதிர்ந்தது.

"இது நானா உனி?"

"நீதான்."

"யார் வெச்சா?"

"உங்கம்மா. வானொலில வாயாங் பொம்மலாட்டக் கதை கேட்டு, அதுல வந்த பேராம்."

அவள் இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாக அப்பாவின் முதுகைப் பார்த்துப் பேசினாள். "பாபாக், இவ்வளவு அழகான பேர் இருக்கும்போதா என்னை வாராஸ் வாராஸ்னு கூப்பிட்டீங்க? பேக்டரில எல்லாரும், என்னடி சுகமாயிட்டியா சுகமாயிட்டியான்னு கிண்டல் பண்ணி உயிர எடுத்தாங்களே! கிரானான்னு சொல்லியிருந்தா சூப்பர்வைசர்கூட எழுந்து நின்னிருப்பான்."

வாகினோ திரும்பவில்லை.

"ஒரு தடவ கூப்பிடுங்க பாபாக். அம்மா வெச்ச பேர உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்."

"வேணாம் நோக்." தேகால் பக்கம் பெண் பிள்ளைகளை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். "நீ நல்லாயிட்டு வா. அப்புறம் கூப்பிடறேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் கையெழுத்துப் போட்டாள். புதுப் பெயர் என்பதால் எழுத்துகள் கோணலாக வந்தன. மீதி இருந்த வெற்றுத் தாளில் அதே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

நீதிமன்ற வேலையை நானும் வாகினோவும் சேர்ந்து அலைந்தோம். பிறப்பைப் பதியவே இல்லை என்று முன்பு பொய் சொல்லிப் பதிந்தது தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். ஆனாலும் பெயரை மட்டும் மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றதை ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னார். இரண்டு பெயரையும் அறிந்த சாட்சிகள் வேண்டும் என்றார்கள். தேகாலிலிருந்து அவருடைய அக்கா சார்மி கப்பலேறி வந்தாள். கஞ்சி காய்ச்சியதே அவள்தான்.

"குழந்தையின் முதல் பெயர் என்னம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

சார்மி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"சாட்சி வாய் திறந்து சொல்லணும்."

"என்னைச் சிறையில போடுங்க ஐயா. அந்தப் பிள்ள படுத்திருக்கு. இப்பப் போய் நான் அதச் சொல்ல மாட்டேன். சொன்னா அது செத்துப்போகும்."

"சொல்லலேன்னாதான் செத்துப்போவா!" என்று நான் பின்வரிசையிலிருந்து கத்தினேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். அங்கே மரத்தடியில் நின்று அழுதேன். அவள் பேரில் எனக்கு வந்த கோபத்தில் பாதி பொய். பத்து வருஷமாகப் பதிவுகளை வாய் திறக்காமல் காத்தவள் நான். அவள் காத்ததும் அப்படி ஒன்றைத்தான். இரண்டு பக்கமும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். வேறு சாட்சி தேடி, அந்தத் தோட்டத்தில் முன்பு கூட வேலை செய்த மதுராத் தீவுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வந்து சொல்வதற்குள் மழைக்காலம் பிறந்துவிட்டது.

இதற்கிடையில் டாக்டர் புர்பா வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கு நோய் மசியவில்லை. ஏற்கெனவே ஏற்றிய இரண்டு சுற்றில் இதயமும் தளர்ந்துவிட்டது. கால் வீங்கியது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் நான் போகும்போதெல்லாம் கேட்பாள்.

"உனி... அந்த எண் வந்துச்சா?"

"வருதுடி. வந்துகிட்டே இருக்கு."

"கப்பல்ல... நின்னுகிட்டு வருதோ? உக்கார... இடம் கெடைக்கலியா?"

பத்தாமிலிருந்து ஜொகூருக்கு நாள் முழுக்கப் படகு போகிறது. ஆட்கள் போகிறார்கள், மூட்டை மூட்டையாகத் துணி போகிறது, கோழி வறுவல்கூடப் போகிறது. ஒரு எண் வர முடியவில்லை. அவர்கள் சட்டம் அவர்கள் கரையோடு நின்றது, எங்கள் சட்டம் எங்கள் கரையோடு நின்றது. நடுவில் கிடந்த தண்ணீருக்குச் சட்டமே இல்லை. பாஸ்போர்ட்டையும் கடலில்தான் விட்டிருந்தார் வாகினோ.

உத்தரவு வந்த அன்றே ஜொகூருக்கு அனுப்பினேன். மறுநாள் பிற்பகல், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, வாராஸ் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பேச முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"கூப்பிடுங்க பாக்," என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். கூப்பிட்டால் போய்விடுவாள் என்று அந்த நிமிடத்திலும் அவர் நம்பினார். கூப்பிடாமல் இருந்தால் நின்றுவிடுவாள் என்று நம்பினார். "வாராஸ், வாராஸ்," என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் புர்பா வந்து அவர் தோளைத் தொடுகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஜொகூருக்குத் தகவல் தெரிவித்தேன். அவர்களிடமிருந்து முறைப்படி பதில் வந்தது. ஒப்புதல் அளித்தவர் இறந்துவிட்டதால் அவருடைய ஒப்புதல் முடிவுக்கு வருகிறது, பதிவு தேவையானால் வாரிசுகள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று. அதற்குக் கீழே அந்தப் பெண் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள். "காக், உத்தரவு வந்ததும் நான் அதை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். மேலதிகாரி கையெழுத்து மட்டும் பாக்கி." அதைப் படித்துவிட்டு நான் அவளைத் திட்டவில்லை. திட்ட ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றோம். மண் தள்ளி முடித்து, தலைமாட்டில் மரப்பலகை நட்டார்கள். ஓதுகிறவர் குழியருகே குந்தி உட்கார்ந்தார். கடைசியாக இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, பயப்படாதே என்று தைரியம் சொல்வது வழக்கம்.

"பேர் என்ன பாக்?" என்று கேட்டார். பலகையில் வாராஸ் என்றுதான் எழுதியிருந்தது. இருந்தாலும் கேட்பது முறை.

வாகினோ பலகையைப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து அதில் படிந்திருந்த மழைச்சேற்றைத் துடைத்தார். பிறகு ஈர மண்ணில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"கிரானா," என்றார். குரல் சரியாக வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, வேலியோரம் இருந்த எங்களுக்கும், அதற்கு அப்பால் சாலையில் போனவர்களுக்கும் கேட்கும்படி, அந்த மனிதருக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்ததா என்று நான் திகைக்கும்படி கூப்பிட்டார்.

"கிரானா ஹப்சாரி! துமிரா மகளே! அப்பா கூப்பிடறேன் நோக். கேக்குதா?"

சார்மி காதைப் பொத்திக்கொண்டாள். ஓதுகிறவர் காத்திருந்தார். வாகினோ மண்ணில் காதை வைத்துக்கொண்டு, பதில் வரும் என்பதுபோல அப்படியே கிடந்தார்.